எத்தனை முறை எழுந்து நிற்பது?

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் நம் வகுப்பறைகளில் ஒரு சடங்கு நடக்கும். வகுப்பு ஆசிரியர் கையில் ஒரு தாளுடன் உள்ளே வருவார். "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எழுந்து நில்லுங்க" என்பார். பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்து நிற்பார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தக நகல் என ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் அடித்துவிட்டு "உக்காருங்க" என்பார். இரண்டு நிமிட வேலைதான். ஆனால் யார் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பது அந்த இரண்டு நிமிடத்தில் வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும். படிப்பு முடியும்வரை அது மறக்கப்படாது.

நானும் அப்படி எழுந்து நின்றவன்தான். இப்போது ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பருவத் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். எப்போதும் முதல் வரிசையில் உட்காருபவர். கரும்பலகையைச் செல்பேசியில் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிக் கண்ணருகே வைத்துப் படிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "சார், கொஸ்டின் பேப்பர்ல எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு. படிக்கவே பாதி நேரம் போயிடுது. எக்ஸ்ட்ரா டைம் கேக்கலாமாம், சொன்னாங்க" என்றார். சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த ஒரு மருத்துவச் சான்றை எடுத்துக் காட்டினார். குறை பார்வை என்று அதில் எழுதியிருந்தது.

நான் சொன்னது இதுதான்: "இதெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கணும்ப்பா. அது உன் பொறுப்பு. கடைசி நேரத்துல வந்து நின்னா நான் என்ன பண்றது?"

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூடுதல் நேரம் இல்லாமலேயே தேர்வு எழுதினார். இரண்டு தாளில் அரியர் விழுந்தது. முடிவு வந்த பிறகு கூப்பிட்டுக் கேட்டேன்: "சேரும்போதே ஏம்ப்பா சொல்லல?" சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "ஏற்கெனவே ஒரு தடவ எழுந்து நின்னுட்டேன் சார். இன்னொரு தடவ எதுக்குன்னு விட்டுட்டேன்."

அன்று நான் சொன்ன 'பொறுப்பு' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்லூரியில் பொறுப்பு உண்டா? உண்டு. அது எது, எது அல்ல என்பதை நாம் பிரித்துப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால், கல்லூரிகள் தங்கள் கடமையை எல்லாம் 'மாணவரின் பொறுப்பு' என்று பெயர் மாற்றி அவர்கள் தலையில் கட்டிவிடுகின்றன. தன் உரிமையைக் கேட்கும் பொறுப்பு மாணவருடையது. அதைத் தயக்கமில்லாமல் கேட்கக்கூடிய இடத்தை உண்டாக்கும் பொறுப்பு நம்முடையது. இரண்டாவது இல்லாமல் முதலாவதைப் பற்றி மட்டும் பேசுவது அநீதி.

சட்டம் யாரைக் கடமைப்படுத்துகிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றுக்கொண்டிருந்தது. புதிய சட்டம் அதை 21 ஆக்கியது. எழுத்துக் கூட்டிப் படிப்பதிலும் எழுதுவதிலும் கணக்கிலும் தடை தரும் கற்றல் குறைபாடுகளும் அதில் சேர்ந்தன. அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை ஒதுக்க வேண்டும் என்கிறது 32-ஆம் பிரிவு.

நமக்கு இங்கே முக்கியமானவை இன்னும் இரண்டு பிரிவுகள். அரசு நிதி பெறுகிற அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் ஒவ்வொரு மாணவரின் தேவைக்கேற்ப நியாயமான வசதி ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தேவையான மாற்றம் ஆகியவற்றை 17-ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நியாயமான வசதி ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்தின் விளக்கப் பிரிவே சொல்லிவிட்டது. ஆக, கூடுதல் நேரம் தராத கல்லூரியை 'கருணை இல்லாத கல்லூரி' என்று சொல்லி விட்டுவிட முடியாது. அது சட்டப்படி பாகுபாடு காட்டிய கல்லூரி.

2018-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டுதல், ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈட்டு நேரம் என்று கணக்குப் போட்டது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். சொல்வதை எழுதுபவரை மாணவரே அழைத்து வரலாம், அல்லது தேர்வு நடத்துபவரிடம் கேட்கலாம்; எது என்பதைத் தீர்மானிப்பவர் மாணவர் என்றும் அது சொன்னது.

இவ்வளவும் இருந்தும் கல்லூரிச் சுற்றறிக்கைகளைப் பாருங்கள். 'மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சலுகைகள்' என்றுதான் தலைப்பு இருக்கும். அதன் கீழே மாணவர் செய்ய வேண்டியவை வரிசையாக இருக்கும். குறித்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அசல் சான்று கொண்டுவர வேண்டும், எழுதுபவரைத் தாமே அழைத்துவர வேண்டும், அவருடைய சான்றுகளையும் கொண்டுவர வேண்டும், தவறினால் நிர்வாகம் பொறுப்பல்ல. கல்லூரி என்ன செய்யும் என்று ஒரு வரி இருக்காது. யாரிடம் போக வேண்டும் என்றுகூட இருக்காது.

'சலுகை' என்ற சொல் நமக்குப் புதிதல்ல. இடஒதுக்கீட்டையும் இப்படித்தான் அழைத்தார்கள், இன்றும் அழைக்கிறார்கள். சலுகை என்று சொல்லிவிட்டால் பெறுபவர் கூனிக் குறுக வேண்டும், தருபவர் விரும்பும்போது தரலாம், மறுத்தால் கேள்வி கேட்க முடியாது. உரிமை என்று சொன்னால் கணக்கு தலைகீழாகிவிடும். அதனால்தான் அந்தச் சொல்லை அவர்கள் அவ்வளவு எளிதில் கைவிடுவதில்லை.

கேட்பதற்கு ஆகும் விலை

"கேட்டால் கொடுத்துவிடப் போகிறோம். கேட்காமல் இருந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள். நானும் அன்று இதைத்தான் நினைத்தேன். கேட்பதற்கு எல்லாருக்கும் ஒரே விலை ஆவதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

பள்ளியில் இருக்கும்வரை தலைமையாசிரியர் விண்ணப்பத்தைத் தேர்வுத் துறைக்கு அனுப்புவார். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கூடுதல் நேரமோ எழுதுபவரோ அந்த வழியில் கிடைக்கும். கல்லூரிக்குள் நுழைந்ததும் அந்த வழி அறுந்துவிடுகிறது. இனி நீயே சொல்ல வேண்டும், நீயே அலைய வேண்டும் என்பதை யாரும் அந்த மாணவரிடம் சொல்வதில்லை. துறைத் தலைவர் தேர்வுப் பிரிவைக் காட்டுவார். தேர்வுப் பிரிவு முதல்வர் கையெழுத்தைக் கேட்கும். முதல்வர் அலுவலகம் "பல்கலைக்கழகத்தில் கேளுங்கள்" என்று சொல்லும். வீட்டில் படித்தவர்கள் இருந்தால் அப்பா ஒரு நாள் வந்து நின்று முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். அப்பா அன்றாடக் கூலி என்றால் ஒரு நாள் வருவதற்கு ஒரு நாள் கூலி போகும். வந்தாலும் அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பவரிடம் எந்த அலுவலகம் பதில் சொல்லியிருக்கிறது?

எழுதுபவரைத் தேடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 வழிகாட்டுதலின்படி, மாணவர் தாமே அழைத்துவரும் எழுதுபவரின் படிப்பு அவருடைய படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டியிருந்தது. ஏமாற்று நடக்கக் கூடாது என்பதற்கான விதி. ஆனால் அந்தப் பாடத்தின் சொற்களைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த, வேலை நாளில் மூன்று நான்கு மணி நேரம் சும்மா வந்து உட்காரக்கூடிய ஒருவர் யாருக்குக் கிடைப்பார்? சித்தப்பா மகன், அத்தை மகள், மாடி வீட்டுப் பையன் என எல்லாரும் கல்லூரி போகும் குடும்பத்துக்குக் கிடைப்பார். சேரியிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? உறவுக்காரப் பையன்கள் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போயிருப்பார்கள். 'எழுதுபவரை மாணவரே அழைத்துவர வேண்டும்' என்ற ஒரு வரியில் சாதி எப்படி ஒளிந்திருக்கிறது பாருங்கள்.

அடுத்தது சான்றிதழ். கண் தெரியாததும் கால் வராததும் பார்த்தவுடன் தெரியும். கற்றல் குறைபாடு அப்படித் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க முதலில் அப்படி ஒன்று இருக்கிறது என்று சந்தேகிக்கும் ஆசிரியர் வேண்டும், பரிசோதிக்கும் உளவியலாளர் வேண்டும், அலைந்து திரிய நேரமும் பணமும் வேண்டும். நகரத்து ஆங்கிலவழிப் பள்ளியில் வசதியான வீட்டுப் பிள்ளை எழுத்துக்களை மாற்றிப் போட்டால், "இது டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம், ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்" என்கிறார்கள். நல்லது, அப்படித்தான் சொல்ல வேண்டும். அதே எழுத்துக்களை நம் தெருப் பிள்ளை மாற்றிப் போட்டால் என்ன சொல்கிறார்கள்? "மண்டு." "படிப்பு ஏறாது." இன்னும் கொஞ்சம் உள்ளே போனால், "கோட்டாவுல வந்தது, வேற எப்படி இருக்கும்?" ஒரே தடுமாற்றம். அங்கே அது மருத்துவம் பார்க்க வேண்டிய குறைபாடு, இங்கே பிறப்பின் குணம். சான்றிதழ் இல்லாமல் கல்லூரிக்கு வந்து அரியர்களோடு வெளியே போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தேவைப்பட்டது ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசம் மட்டுமே என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் கனக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே அது 2.45 விழுக்காடு. சத்தில்லாத சாப்பாடு, பாதுகாப்பில்லாத வேலை, எட்டாத மருத்துவம் ஆகிய மூன்றும் எங்கே கூடிக் கிடக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு வியப்பளிக்காது. உடல் குறைபாடு 'விதி' என்று சொல்லப்படும் நாட்டில் அந்த விதியும் சாதி பார்த்துத்தான் வருகிறது.

'தகுதி' என்னும் பழைய பாட்டு

கூடுதல் நேரம் என்றதும் ஆசிரியர் அறையில் ஒரு முணுமுணுப்பு எழும். "ஒரு மணி நேரம் அதிகமா குடுத்தா யார்தான் எழுத மாட்டாங்க? மத்த பசங்களுக்கு அநியாயம் இல்லையா?" பட்டியல் சாதி மாணவர் என்றால் இன்னொரு வரியும் சேரும்: "ஏற்கெனவே ஒரு சலுகை, இதுல இன்னொண்ணா?"

தேர்வு எதை அளக்கிறது என்பதுதான் கேள்வி. வரலாற்றுத் தேர்வு வரலாற்று அறிவை அளக்க வேண்டும். ஒருவர் சின்ன எழுத்தை எவ்வளவு வேகமாகப் படிக்கிறார், நடுங்கும் கையால் எத்தனை பக்கம் எழுதுகிறார் என்பதை அளப்பது அதன் வேலையல்ல. கூடுதல் நேரம் ஒரு மதிப்பெண்ணையும் சேர்த்துப் போடுவதில்லை. அறிவுக்கும் விடைத்தாளுக்கும் நடுவே கிடக்கும் கல்லை அது நகர்த்துகிறது, அவ்வளவுதான். கண்ணாடி போட்டுக்கொண்டு தேர்வு எழுதும் மாணவரைப் பார்த்து "இது மற்றவர்களுக்கு அநியாயம்" என்று யாரும் சொல்வதில்லையே.

நீதிமன்றங்களும் இந்த இடத்துக்கு நேராக வந்து சேரவில்லை. தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதிப் பணிக்கு விண்ணப்பித்த பார்வைக் குறைபாடுள்ள வழக்கறிஞர் ஒருவரின் வழக்கில், 40 முதல் 50 விழுக்காடு வரை குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே தகுதி என்ற வரம்பு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. இரண்டே ஆண்டில், 2021 பிப்ரவரி 11 அன்று, விகாஷ் குமார் வழக்கில் அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பின் பார்வையை ஏற்க மறுத்தது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் பாதிப்பு உள்ள ஒருவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் எழுதுபவர் மறுக்கப்பட்ட வழக்கு அது. 40 விழுக்காடு என்ற அளவுகோல் இடஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான், வசதி ஏற்பாடு கேட்பதற்கு அந்த வரம்பு கிடையாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில், 40 விழுக்காட்டுக்குக் குறைவான குறைபாடு இருந்தும் எழுதச் சிரமப்படுபவர்களுக்கான வழிகாட்டுதல் வந்தது. பார்வையற்றவர்களை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்க முடியாது என்று 2025 மார்ச்சில் தீர்ப்பே வந்துவிட்டது. நேற்று 'தகுதியில்லை' என்று சொல்லப்பட்டவர் இன்று நீதிபதி இருக்கையில் உட்காரலாம். மாறியது அவர் கண்கள் அல்ல.

இரட்டைச் சலுகை என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீடு கிடைமட்டமானது என்று 1992 மண்டல் வழக்குத் தீர்ப்பே விளக்கியது. பொதுப் பிரிவு, பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர் என எல்லாப் பிரிவுகளையும் ஊடறுத்து அது செல்கிறது. பட்டியல் சாதியைச் சேர்ந்த மாற்றுத்திறனாளி அந்த ஒதுக்கீட்டில் வந்தால் பட்டியல் சாதிக்கான இடத்திலேயே வைக்கப்படுகிறார். யாருடைய தட்டிலிருந்தும் அவர் இரண்டு முறை எடுத்துச் சாப்பிடவில்லை. இரண்டு பூட்டுப் போட்ட கதவைத் திறக்க இரண்டு சாவி வேண்டும் என்பது எளிய கணக்கு.

சரி, மாணவரின் பொறுப்பு என்ன?

இதுவரை சொன்னதெல்லாம் மாணவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கலாம் என்பதற்காக அல்ல. கல்லூரி சரியாகும்வரை தேர்வு காத்திருக்காது. இதைப் படிக்கும் மாற்றுத்திறனாளித் தம்பி தங்கைகளுக்கு, ஒரு மாணவரைக் கைவிட்ட ஆசிரியனாக நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

சேர்ந்த முதல் மாதத்திலேயே சொல்லுங்கள். வாயால் சொல்வது காற்றோடு போகும். கல்லூரி முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். நகலில் கையெழுத்தும் தேதியும் அலுவலக முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு "யாரும் சொல்லவே இல்லையே" என்று சொல்ல முயல்பவர்களுக்கு அந்த நகல்தான் பதில்.

என்ன வேண்டும் என்று துல்லியமாகச் சொல்லுங்கள். "எனக்குக் கண் சரியாகத் தெரியாது" என்பது நிலைமை. "வினாத்தாள் 18 புள்ளி அளவு எழுத்தில் வேண்டும், மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி கூடுதல் வேண்டும், வெளிச்சமான அறை வேண்டும்" என்பது கோரிக்கை. அலுவலகங்களுக்கு நிலைமை புரியாது, கோரிக்கை புரியும். உங்களுக்கு எது உதவும் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

சான்றிதழையும் தேசிய அடையாள அட்டையையும் கையில் தயாராக வைத்திருங்கள். காலாவதித் தேதி போட்ட சான்று என்றால் தேர்வு மாதத்துக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். எழுதுபவர் தேவை என்றால் தேர்வுக்கு முன்பே அவரைச் சந்தித்து ஒருமுறை சொல்லி எழுத வைத்துப் பாருங்கள். உங்கள் பாடத்தின் சொற்கள் அவருக்கு எழுத வருகிறதா என்பது தேர்வு அறையில் தெரிந்து பயனில்லை.

படியுங்கள். கூடுதல் நேரம் படிப்புக்கு மாற்று ஆகாது. எழுதுபவர் நீங்கள் சொல்வதை மட்டும் எழுத வேண்டும். அவர் அறிவில் நீங்கள் தேர்ச்சி பெற நினைத்தால் அந்தச் செயல் உங்களோடு முடியாது. 2024-ல் ஒரு பயிற்சி அதிகாரி பொய்ச் சான்று தந்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது என்ன நடந்தது? உண்மையான மாற்றுத்திறனாளி அதிகாரிகளின் படங்களை எல்லாம் எடுத்துப் போட்டு, "இவர் நன்றாகத்தானே நடக்கிறார்" என்று சமூக ஊடகங்களில் சந்தேகம் கிளப்பினார்கள். ஒருவர் பொய் சொன்னால் மொத்தச் சமூகத்தையும் விசாரணைக் கூண்டில் ஏற்றுவார்கள் என்பது நமக்குப் பழகிய அனுபவம். ஏற்றுபவர்கள் செய்வது அயோக்கியத்தனம்தான். என்றாலும் அவர்களுக்கு வாய்ப்பைத் தர வேண்டாம்.

மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மறுப்புகள் அங்கேயே தளர்ந்துவிடும். தளராவிட்டால், அரசு நிறுவனங்களில் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு மேல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். சட்டத்தை மீறினால் முதல்முறை பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம் உண்டு என்பதையும் கடிதத்தில் பணிவாக நினைவூட்டலாம்.

இவை உங்கள் பொறுப்பு. எவை உங்கள் பொறுப்பு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பருவத்திலும் உங்கள் உடலைப் புதிதாக நிரூபிப்பது உங்கள் பொறுப்பல்ல. வகுப்பின் முன் நின்று உங்கள் மருத்துவ வரலாற்றை விளக்குவதும் அல்ல. எழுதுபவர் கிடைக்காவிட்டால் அவரைத் தேடித் தருவது கல்லூரியின் வேலை. கிடைத்த கூடுதல் நேரத்துக்காக யாருக்கும் நன்றிக் கடன்பட்டவராக நீங்கள் உணர வேண்டியதில்லை. பேருந்துக்குப் பயணச்சீட்டு வாங்கியவர் ஓட்டுநர் காலில் விழுவதில்லை.

நம் வீட்டுக் கணக்கு

கடைசியாக, தோழர்களுக்கு. நம் இயக்கங்கள் இதில் எங்கே நிற்கின்றன?

நாம் கூட்டம் நடத்தும் அரங்கம் பெரும்பாலும் மாடியில் இருக்கிறது. சாய்தளம் கிடையாது. சக்கர நாற்காலியில் வரும் தோழரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போகிறோம், அதையே தோழமை என்று நினைத்துக்கொள்கிறோம். மூடநம்பிக்கையைத் திட்டும்போது 'குருட்டு நம்பிக்கை' என்கிறோம். எதிரியின் வாதத்தை 'நொண்டிச் சாக்கு' என்கிறோம். அரசைச் 'செவிட்டு அரசு' என்கிறோம். சாதிப் பெயரை வசையாக்கும் பழமொழிகளைச் சொல்லக் கூடாது என்று நமக்குக் கற்றுத்தந்த இயக்கம், உடலை வசையாக்கும் சொற்களை மட்டும் ஏன் கையில் வைத்திருக்கிறது?

1977 ஏப்ரலில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் ஓர் அரசுக் கட்டடத்துக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். 504-ஆம் பிரிவு என்ற பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்கான விதிகளில் கையெழுத்திடக் கோரி, மூன்று வாரங்களுக்கும் மேலாக அங்கேயே இருந்தார்கள். அவர்களுக்கு நாள்தோறும் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தவர்கள் கறுஞ்சிறுத்தைகள் கட்சியினர். கறுப்பின விடுதலைக்காகப் போராடிய கட்சி, அதை 'வேறு யாருடைய பிரச்சினையோ' என்று பார்க்கவில்லை. உள்ளே இருந்தவர்களில் அவர்களுடைய தோழர் பிராட் லோமாக்ஸும் ஒருவர்; சக்கர நாற்காலியில் இருந்தவர். விதிகள் கையெழுத்தாயின. நம் ஊர்ச் சிறுத்தைகளின் பெயருக்கு மூலமான தலித் பேந்தர்கள் அந்தக் கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் 1972-ல் தங்களுக்குப் பெயர் வைத்தார்கள். பெயரை எடுத்துக்கொண்ட நாம் அந்தச் சோற்றுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கும் நம் மாணவர் அமைப்பும் வாசகர் வட்டமும் ஒரு குறிப்பேடு போடட்டும். எந்தப் பாடத்துக்கு யார் எழுதுபவராக வர முடியும், எந்த நாளில் முடியும் என்று பெயரும் கைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும். சேர்க்கை நேரத்தில் சாதிச் சான்றிதழுக்கு உதவி மேசை போடுகிறோம் அல்லவா, அதே மேசையில் மாற்றுத்திறனாளிக்கான விண்ணப்பக் கடிதத்தின் மாதிரியையும் வைப்போம். ஆசிரியராக இருக்கும் தோழர்கள் இன்னொன்றும் செய்யலாம்.

நான் இப்போது அதைச் செய்கிறேன். முதல் வாரத்தில் என் வகுப்பில் யாரும் எழுந்து நிற்பதில்லை. எல்லாருக்கும் ஒரு தாள் கொடுப்பேன். உதவித்தொகை, விடுதி, உடல்நலம், தேர்வில் தேவைப்படும் ஏற்பாடு ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் அதில் இருக்கும். எல்லாரும் எழுதி மடித்துத் தருவார்கள். தேவை எதுவும் இல்லாதவரும் 'இல்லை' என்று எழுதித்தான் தர வேண்டும். அதனால் யார் எதை எழுதினார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஒரு வகுப்புக்கு ஆகும் செலவு அறுபது தாள்.

அந்த மாணவரோடு உட்கார்ந்து அவருடைய கடிதத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். அடுத்த பருவத்தில் பெரிய எழுத்து வினாத்தாளும் ஒரு மணி நேரமும் கிடைத்தன. அரியர் இரண்டையும் முடித்தார். ஆனால் அவருக்கு வீணாய்ப் போன அந்த ஒரு பருவத்தை யாரும் திருப்பித் தர முடியாது. "அது உன் பொறுப்பு" என்று அன்று நான் சொன்ன சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அதன் பாதி என்னுடையது என்று இங்கே எழுதி வைக்க மட்டும்தான் முடியும்.